நெஞ்செரிச்சலுக்குச் சீன ஊசி: மாம்பலத்தில் பத்து முறை போய் வந்த பிறகு

இரண்டு வருடமாக எனக்கு எதுக்களிப்பு. இரவு படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைவரை வந்து எழுப்பிவிடும், உட்கார்ந்து இருமிக்கொண்டே இருப்பேன், பக்கத்தில் குழந்தையும் விழித்துக்கொள்ளும். எண்டோஸ்கோபி பார்த்தாயிற்று. அமிலத்தைக் குறைக்கும் பாண்டோபிரசோல் மாத்திரை, 40 மி.கி., காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். போட்டால் அடங்கும், விட்டால் மறுபடி வரும்.

மேற்கு மாம்பலம் கிளினிக்கைப் பற்றிச் சொல்வதற்கு முன் வேறோர் இடத்தில் பட்டதைச் சொல்லியாக வேண்டும். அங்கேயும் அக்குபங்சர்தான். முதல் நாளே மாத்திரையைத் தூக்கிப் போடச் சொன்னார்கள், நானும் நம்பி நிறுத்தினேன். நான்காம் நாள் ராத்திரி நெஞ்சு எரிந்த எரிச்சலில் மாரடைப்போ என்று பயந்து ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் அடக்கி வைத்த அமிலம் கொஞ்ச நாளைக்கு முன்னைவிட அதிகமாகவே சுரக்கும் என்று அப்புறம்தான் டாக்டர் விளக்கினார். யாரும் இந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

மாம்பலம் கிளினிக்கில் ஊசி போடும் அம்மா ஊசியைத் தொடுவதற்கு முன்பே கேட்டது இதுதான்: "தம்பி, விழுங்கும்போது அடைக்குதா? எடை குறைஞ்சிருக்கா? மலம் கறுப்பா போகுதா?" இதில் ஒன்று இருந்தாலும் முதலில் டாக்டரிடம் போய்விட்டு வரச் சொல்வாராம். மாத்திரையைக் குறைப்பதும் டாக்டர் பேச்சுப்படிதான் என்றார். எனக்கு அங்கேயே மனசு நிம்மதியானது.

அப்புறம் நாக்கை நீட்டச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார், இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். சீன மருத்துவக் கணக்கில் இரைப்பையின் 'சி', அதாவது உயிராற்றல், கீழ்நோக்கி இறங்க வேண்டும். கோபமும் கவலையும் கல்லீரலைக் கிளப்பிவிட்டால் அது மேல்நோக்கித் திரும்பிவிடும், அதுதான் எதுக்களிப்பு என்றார். காலை ஏழு முதல் ஒன்பதுவரை இரைப்பையின் நேரமாம். அந்த நேரத்தில் நான் வெறும் வயிற்றில் இரண்டு டம்ளர் காபி குடித்துவிட்டு ஓ.எம்.ஆர் டிராஃபிக்கில் நின்றுகொண்டிருப்பேன். இப்போது இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

ஊசி பாக்கெட்டை ஒவ்வொரு முறையும் என் கண்ணெதிரே பிரித்தார். உள்மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் மேலே ஒன்று, தொப்புளுக்கும் நெஞ்செலும்பின் முனைக்கும் நடுவில் ஒன்று, முழங்காலுக்கு நான்கு விரல் கீழே வெளிப்பக்கம் 'சூ சான் லி' என்ற புள்ளியில் ஒன்று. முதல் இரண்டும் எறும்பு கடித்த மாதிரிதான். கால் ஊசியில் மட்டும் கனமான ஒரு வலி பாதம்வரை இறங்கும், ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடும். இருபது நிமிடம் அப்படியே படுத்திருக்க வேண்டும்.

கஷாயம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். சுமார் 1800 வருடத்துக்கு முந்தைய சீன வைத்தியர் சாங் சோங்ஜிங் காலத்து மருந்து ஒன்றைச் சொன்னார், ஏழு சரக்கு. அதில் சுக்கும் அதிமதுரமும் இருக்கிறது, நம் இலந்தைக்குச் சொந்தக்காரப் பழமும் இருக்கிறது! ஆனால் தரம் தெரியாமல் தரமாட்டேன், ஆன்லைனிலும் வாங்காதே, பி.பி. உள்ளவர்களுக்கு அதிமதுரமே ஆகாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

பலன்? வாரத்தில் ஐந்து ராத்திரி எழுந்தவன் இப்போது ஒரு ராத்திரி எழுகிறேன், அதுவும் லேட்டாகச் சாப்பிட்ட நாளில்தான். டாக்டர் மாத்திரையை 20 ஆக்கியிருக்கிறார். ஆனால் ஊசி மட்டும்தான் காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது. அதே வாரங்களில்தான் ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்குக் கொண்டுவந்தேன், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு இரண்டிரண்டு செங்கல் வைத்தேன், இடதுபக்கம் சாய்ந்து படுக்கப் பழகினேன். இதையெல்லாம் டாக்டரும் சொல்லியிருந்தார்தான். பத்து முறையும் உட்காரவைத்து "நேத்து எத்தனை மணிக்குச் சாப்பிட்டே?" என்று கேட்டது இந்த அம்மாதான்.

ஒரு முறைக்கு 400 ரூபாய். செங்குத்தான மாடிப்படி, முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கஷ்டம். வண்டி நிறுத்த இடமில்லை, மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடுங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும், காலையில் போனால் கூட்டமில்லை. வெறும் வயிற்றோடு போகாதீர்கள், ஊசி போடும்போது மயக்கம் வரும் என்று அனுப்பிவிடுவார்.