நூறு ரூபாய்ச் சீனியை நிறுத்த தராசு: நீண்ட காலப் பாவனைக்குப் பின் ஒரு பகிர்வு

பண்டாரவளையில் இருக்கும் தோழி ஒருவர், ஐந்து கிலோ வரை நிறுக்கும் இலத்திரனியல் சமையலறைத் தராசு இப்போது விலை குறைந்திருப்பதாகவும், நான் வைத்திருக்கும் அதே வகையை வாங்கலாமா என்றும் கேட்டிருந்தார். கண்ணாடித் தட்டு, ஒரு கிராம் வரையான நுண்மை முதலிய விபரங்கள் பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு, இத்தனை காலம் இது எனக்கு எதற்குப் பயன்பட்டது என்பதையும், எதற்காக இதன்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது என்பதையும் மட்டும் எழுதுகிறேன்.

கேக் செய்வதற்காக வாங்கிய தராசு இது. 2022இல் பட்டரும் முட்டையும் எங்கள் வீட்டுக்கு எட்டாத பொருட்களாகிவிட்டதால், கடையிலிருந்து வரும் பொட்டலங்களை நிறுக்கும் வேலை இதற்கு வந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இலங்கை இடைநிறுத்தியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. 2021இல் ஆயிரம் ரூபாயாக்கப்பட்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் அப்போதும் ஆயிரமாகவே இருந்தது. 2022 மார்ச்சில் 400 கிராம் பால்மாப் பக்கற் 790 ரூபாயானபோது, ஒரு நாள் முழுவதும் மலையில் நின்று கொழுந்து பறித்தவரின் கூலியில் ஒரு பக்கற்றை வாங்கினால் மிஞ்சுவது 210 ரூபாய்.

அக்காலத்தில் கடைகளில் பேச்சே மாறிப்போனது. முன்பு “அரைக் கிலோ சீனி, கால் கிலோ பருப்பு” என்று கேட்டவர்கள், “நூறு ரூபாய்க்குச் சீனி, ஐம்பது ரூபாய்க்கு நெத்தலி” என்று கேட்கத் தொடங்கினார்கள். கையில் உள்ள தாள் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் வாங்க முடியும் என்பதால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் எடையைச் சொல்லிக் கேட்கும்போது விலையைக் கணக்கிடுவது இருவருக்கும் எளிது. பணத்தைச் சொல்லிக் கேட்கும்போது எடையைத் தீர்மானிக்கும் அதிகாரம் முழுவதும் கடைக்காரர் கைக்குப் போய்விடுகிறது. ஒருவருடைய வியாபாரக் குணம் அந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது என்பதை இந்தத் தராசு எனக்குக் காட்டியது.

சீனி கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு ரூபாய்க்கு 333 கிராம் வரவேண்டும். நகரத்தில் நான் வழக்கமாகப் போகும் ஒரு பலசரக்குக் கடையில் வரும் பொட்டலம் 300 கிராமில் நிற்கும். படிக்கல் வைத்து நிறுக்கும் பழைய தராசில் 333ஐ நிறுக்க முடியாது என்பதால் அதை மன்னிக்கலாம். அந்தக் கடையில் இருப்பதோ விலையை அழுத்தினால் எடையையும் தொகையையும் சேர்த்துக் காட்டும் தராசு. ஆகவே அந்த 33 கிராம் தெரிந்தே கழிக்கப்பட்டது. பலகையில் 300 என்று எழுதியிருந்தாலும், நூறு ரூபாய்க்கு வாங்குபவர் கிலோவுக்கு 333 ரூபாய் கொடுக்கிறார். ஒரு கிலோவாக வாங்குபவருக்கு இந்த நட்டம் இல்லை.

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே உள்ள தோட்டத்துக் கடையில் அதே சீனி கிலோவுக்குப் பத்து ரூபாய் அதிகம். அங்கே நூறு ரூபாய்க்கு 322 கிராம்தான் நியாயம். அவருடைய பொட்டலமோ பெரும்பாலும் 330ஐத் தாண்டியே நின்றது. விலை கூடிய கடையாக ஊரில் பெயர் வாங்கியவரிடம்தான் ஏழை வாங்கும் அளவில் பொருள் மலிவு. அதற்கு மேல் அவர் கொப்பியில் எழுதிக்கொண்டு பத்தாந் திகதிச் சம்பளம் வரை பொறுத்திருப்பார். முந்நூறு ரூபாய்ச் சாமானுக்குப் பத்து ரூபாய் என்பது அந்தப் பொறுமைக்கான கூலி என்று வைத்துக்கொண்டாலும், அந்த விலைக்குக் கடன் தருபவர் வேறு யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கொப்பியை நிறுக்க என் தராசால் முடியாது என்பதும் உண்மை.

சுப்பர் மார்க்கெட்டைப் பற்றி நியாயமாகவே பேச வேண்டும். அங்கே பொதி செய்யப்பட்டு வரும் பருப்பும் அரிசியும் கிராம் பிசகாமல் இருக்கின்றன. ஆனால் நூறு ரூபாயை மட்டும் வைத்திருப்பவர் அங்கே வாடிக்கையாளரே அல்ல. அவர் எடுக்கக்கூடிய பொதி எதுவும் அந்தத் தட்டுகளில் கிடையாது. பெரிய பொதி எப்போதும் மிகவும் மலிவு என்ற நம்பிக்கையையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 2022 மார்ச்சில் ஒரு கிலோ பால்மா 1945 ரூபாய். 400 கிராம் பக்கற்றின் விலையில் ஒரு கிலோ வாங்கினால் 1975. வித்தியாசம் முப்பது ரூபாய்தான். 400 கிராம் பக்கற்றையும் உடைத்து ஐம்பது கிராமாகப் பொட்டலம் கட்டிய கடைகளில்தான் உண்மையான இழப்பும், சில இடங்களில் உண்மையான உதவியும் நடந்தன.

அதே சுப்பர் மார்க்கெட்டில் வாங்கும் பிஸ்கட் பக்கற்றும் சவர்க்காரக் கட்டியும் ஓசையில்லாமல் இளைத்தன. இங்கே தராசு எனக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. உறையில் குறைந்த எடையையே அச்சிட்டிருந்தார்கள், நிறுத்தால் அது அப்படியே சரியாக இருந்தது. சட்டப்படி குற்றமில்லை. பொய் சொன்னவரையாவது பிடிக்கலாம், சின்ன எழுத்தில் உண்மை சொன்னவரை என்ன செய்வது?

கருவாட்டுக்கும் பாணுக்கும் ஒரு சொல். ஜூன், ஜூலை மழையில் ஹட்டன் பக்கத்துக் கடைகளில் நெத்தலி ஈரத்தை இழுத்துக் கனக்கும். அது காற்றின் வேலை, கடைக்காரரின் வேலையல்ல. பாண் ஒன்று 450 கிராம் இருக்கவேண்டும் என்றும், 13.5 கிராம் வரை குறையலாம் என்றும் 2024இல் வர்த்தமானி அறிவித்தது. சூடாக வாங்கியதை மாலையில் நிறுத்துவிட்டுப் பேக்கரிக்காரரோடு சண்டைக்குப் போகக்கூடாது. ஆறும்போது நீர் போய்விடும். முறைப்பாடு செய்வதானால் 1977 என்ற இலக்கத்தில் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையை அழைக்கலாம். ஆனால் வீட்டுத் தராசு வர்த்தகத்துக்கென முத்திரையிடப்பட்ட தராசல்ல என்பதை மறந்துவிடக்கூடாது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கொழுந்தில் கிலோக் கணக்கில் கழிக்கப்படுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, யாருடைய தராசு செல்லும் என்ற இந்த விடயத்தை விளக்கத் தேவையில்லை.

இப்போது ஆத்திரத்துக்கு வருகிறேன். இந்தத் தராசு இரண்டு நிமிடம் சும்மா இருந்தால் தானாக அணைந்துவிடும். பற்றரியைச் சேமிக்கிறதாம். பாத்திரத்தை வைத்து, அதன் எடையைக் கழித்துப் பூச்சியமாக்கி, பாதிப் பருப்பைக் கொட்டிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்புவதற்குள் திரை இருண்டிருக்கும். மீண்டும் அழுத்தினால், பாத்திரத்தையும் பருப்பையும் சேர்த்துப் பூச்சியம் என்று காட்டும்; முதலில் கொட்டியது எவ்வளவு என்பது அதோடு போயிற்று. அடியில் உள்ள பொத்தான் கைபட்டால் கிராம் அவுன்சாக மாறும். இதை வடிவமைத்தவர் ஒருநாளும் விறகடுப்புக்குப் பக்கத்தில் நின்று எதையும் நிறுத்திருக்கமாட்டார் என்று உறுதியாகச் சொல்வேன்.

போதாக்குறைக்கு எங்கள் பனியும் ஈரமும் சேர்ந்து பற்றரி வைக்கும் இடத்தின் தகட்டைத் துருப்பிடிக்கச் செய்துவிட்டன. மணிக்கூடு திருத்துபவர் சுரண்டிச் சரிசெய்து கொடுத்ததற்கு வாங்கிய கூலி, புதிய தராசின் இன்றைய தள்ளுபடி விலையில் பாதி. நாணய வடிவப் பற்றரியும் தோட்டத்துக் கடையில் கிடைக்காது. அதற்கென்று நகரத்துக்கு பஸ் ஏறவேண்டும்.

இதுவரை நான் சொன்ன கணக்குகள் எல்லாம் இந்தத் தராசு இல்லாமல் கிடைத்திருக்காது. அளவிலும் இது ஒருமுறைகூடப் பிசகியதில்லை. இருந்தாலும் தோழிக்கு என் பதில், இந்த வகையை வாங்கவேண்டாம் என்பதே. தள்ளுபடி இன்னும் இறங்கினாலும் வேண்டாம். ரிமோட்டுக்குப் போடுகிற சாதாரணப் பற்றரியில் வேலை செய்வதாகவும், தானாக அணையும் நேரத்தை நாமே மாற்றக்கூடியதாகவும் ஒன்று கிடைத்தால் சற்று அதிகம் கொடுத்தாவது அதை எடுக்கட்டும்.