பள்ளியில் அயல்மொழி: வாரம் இரண்டு பாடவேளையா, ஒரே பருவத்தில் செறிவாகவா?

புதிதாக ஓர் அயல்மொழி சேர்க்கும் பள்ளியில் பேச்செல்லாம் பிரெஞ்சா ஜப்பானியமா என்பதிலேயே முடிந்துவிடுகிறது. எத்தனை மணி நேரம், அதைக் கால அட்டவணையில் எப்படி அடுக்குவது என்பதுதான் மாணவர் பேசுவாரா மாட்டாரா என்பதைத் தீர்மானிக்கிறது.

எங்கும் இருப்பது வாரம் இரண்டு பாடவேளை. 40 நிமிடம் வீதம் 34 வாரம் என்றால் ஆண்டுக்கு 45 மணி நேரம். மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பிரித்து ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட பொதுச் சட்டகத்தின் இரண்டாம் படியான ஏ2 நிலை, அதாவது அன்றாடத் தேவைகளைப் பேசிச் சமாளிக்கும் நிலை, ஏறத்தாழ 180 முதல் 200 மணி நேரம் கேட்கும். தேர்வும் விடுமுறையும் தின்றது போக ஐந்து ஆண்டு ஆகிவிடும். அதற்குள் ஆசிரியர் மாறுவார். வந்தவர் மீண்டும் 'என் பெயர்' என்றே தொடங்குவார். வகுப்புகளுக்கு நடுவே நான்கு நாள் இடைவெளி விழுந்தால் முதல் பத்து நிமிடம் பழையதை மீட்பதிலேயே போகும். சிறுதுளி பெருவெள்ளம் என்பது இங்கே செல்லாது, துளி காய்ந்த பிறகுதான் அடுத்த துளி விழுகிறது. வேறு வழியே இல்லையென்றால் வாரத்தில் நான்கு நாள், 20 நிமிடமாகப் பிரித்துவிடுங்கள். நேரம் அதேதான், மறதி குறையும்.

செறிவு முறையில் நாள்தோறும் இரண்டு பாடவேளை, ஆண்டில் பாதியான 17 வாரம்: ஏறத்தாழ 113 மணி நேரம். முதல் படியான ஏ1 ஒரே பருவத்தில் முடியும். ஜப்பானிய ஹிரகானாவின் 46 எழுத்துகளை நாளுக்கு நான்காகச் சொல்லிக்கொடுத்தால் 12 பள்ளி நாளில் முடிந்துவிடும். வாரம் இருமுறை என்றால் அதுவே ஆறு வாரம் இழுக்கும், கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் வரிசை மறந்திருக்கும். கனடாவின் கியூபெக்கில் பிரெஞ்சு பேசும் பிள்ளைகளுக்கு 5, 6ஆம் வகுப்பில் ஐந்து மாதம் செறிவாக ஆங்கிலம் கற்பிக்கும் வழக்கம் 1970களிலிருந்தே இருக்கிறது.

இடர் கால அட்டவணையில்தான். நாளுக்கு இரண்டு பாடவேளையைக் கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் விட்டுத்தர மாட்டார்கள். 'அ' பிரிவுக்கு முதல் பருவம், 'ஆ' பிரிவுக்கு இரண்டாம் பருவம் என்று மாற்றிப்போட்டால் இழந்த பாடவேளை அடுத்த பருவத்தில் திரும்பிவரும். ஒரே மொழி ஆசிரியர் இரு பிரிவுக்கும் போதும். பருவம் முடிந்ததும் மொழியை அப்படியே கைவிடுவதுதான் பெரிய தவறு. வாரம் மூன்று முறை 20 நிமிட வாசிப்பாவது தொடரவேண்டும்.

'சின்ன வயதிலேயே தொடங்கிவிட்டோமே' என்பது மணி நேரத்துக்கு ஈடாகாது. பார்சிலோனாவில் நடந்த ஆய்வில், வகுப்பறை நேரம் சமமாக இருந்தபோது பிந்தித் தொடங்கியவர்களே வேகமாக முன்னேறினர்.

இந்த இரண்டையும் தவிர மூன்றாவது வழி, மற்றப் பாடத்தையே அயல்மொழியில் நடத்துவது. 1965இல் மொன்றியால் அருகே செயின்ட் லாம்பர்ட்டில் தொடங்கிய பிரெஞ்சு மூழ்கல் வகுப்புகள் இதன் முன்னோடி. பிள்ளைகளின் கேட்டறியும் திறன் அபாரமாக வளர்ந்தது, பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழைகள் நீடித்தன. பாடமும் மொழியும் இரண்டும் தெரிந்த ஆசிரியர் இல்லாவிட்டால் இதைத் தொடவே வேண்டாம். பாடநூலை உரக்கப் படிப்பதாகச் சுருங்கி, இரண்டும் கெடும். இருந்தால் உடற்கல்வி, ஓவியம், சோதனைக்கூடம் என்று கண்ணால் பார்த்துப் புரியும் பாடங்களில் தொடங்கலாம். பாடத்துக்கு 12 சொல், மூன்று வாக்கியச் சட்டகம் போதும். பாட அறிவுக்கும் மொழிக்கும் மதிப்பெண் தனித்தனியே இருக்கட்டும்.

நான்காவது, வேற்றுநாட்டுப் பள்ளியுடன் இணையவழிப் பரிமாற்றம். ஐரோப்பாவின் இ-ட்வின்னிங் என்ற பள்ளி இணைப்புத் திட்டம் 2005 முதல் இதைச் செய்கிறது. உலகக் கல்வி என்ற பெயரில் நாடுகளின் கொடி வரைவதைவிட இது எவ்வளவோ மேல், ஆனால் மொழியே தெரியாத வகுப்புக்குப் பயனில்லை. செறிவுப் பருவத்தின் பின்பாதியில் வையுங்கள். இரு வகுப்பும் ஒரே பொருளை அளக்கட்டும், பள்ளியில் ஒரு வாரம் செலவாகும் தண்ணீரைப் போல. இருவருக்கு இருவர் என்று சேர்த்து, பாதி நேரம் ஒரு மொழி, பாதி நேரம் மற்றது என மணியடித்து மாற்றுங்கள். இல்லையென்றால் பத்தே நிமிடத்தில் எல்லாரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். நேர வேறுபாடு பெரிதாக இருந்தால் நேரலையை விட்டுவிட்டு, இரண்டு நிமிடக் காணொளிகளைப் பதிவுசெய்து மாற்றிக்கொள்ளலாம். முதல் கடிதத்துக்கு முன்பே இரு பள்ளியின் விடுமுறைப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பள்ளி விடுமுறையில் இருக்க, பதில் வராத அந்த வாரங்களில்தான் பரிமாற்றம் அறுந்துபோகக்கூடும்.