'ஃபுல் காப்பர் சார்' என்று சொல்லி அலுமினியத்தைத் தலையில் கட்டினார்கள்

கம்ப்யூட்டருக்கு முதல்முறையாக வாட்டர் கூலிங் (தண்ணீரைச் சுற்றவிட்டுச் சூட்டை வெளியேற்றும் அமைப்பு) போட நினைப்பவர்கள் கடைக்குப் பணத்தோடு போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 38,000 ரூபாயும் ஒரு கிராபிக்ஸ் கார்டும் போய்விட்டன.

நான் வீட்டிலிருந்தே வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ரைசன் 9 5900எக்ஸ் பிராசஸர். சென்னை மே மாத வெயிலில் ரெண்டர் போட்டால், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றினால், பிராசஸர் மேல் ஃபேன் வைத்த ஏர் கூலர் இருந்தும் 85 டிகிரியைத் தொட்டுவிடும், ஃபேன் சத்தத்தில் ஆடியோ வேலையே ஓடாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் பம்ப், தண்ணீர் நிற்கும் ரிசர்வாயர், சூட்டைக் காற்றில் விடும் 360 மிமீ ரேடியேட்டர், பிராசஸர் மேல் உட்காரும் பிளாக், டியூப், ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து ஒரே செட்டாகத் தருகிறோம், நாங்களே மாட்டியும் தருகிறோம் என்றார்கள். ரேடியேட்டர் என்ன உலோகம் என்று கேட்டேன். "ஃபுல் காப்பர் சார், பயப்படாதீங்க" என்றார் கடைக்காரர். பில்லில் 'கூலிங் செட் - 1' என்று மட்டும் எழுதியிருந்தது. அதை அப்போதே மாற்றி எழுதச் சொல்லியிருக்க வேண்டும்.

மாட்டும்போது கடைப் பையன் பக்கத்தில் இருந்த கேன் தண்ணீரை ஊற்றி, அதில் சிவப்புக் கலரைக் கலந்தான். கேட்டதற்கு, ஆர்ஓ தண்ணீரும் டிஸ்டில்டு வாட்டரும் ஒன்றுதான் என்றான். ஒன்றே இல்லை. ஆர்ஓ தண்ணீரில் உப்பு கொஞ்சமாவது மிச்சம் இருக்கும். லீக் டெஸ்ட் என்று பத்து நிமிஷம் ஓட்டிக் காட்டிவிட்டு கையில் கொடுத்துவிட்டார்கள்.

முதல் இரண்டு மாதம் ரொம்ப நன்றாக இருந்தது, ரெண்டரில் 68 டிகிரிக்கு மேல் போகவில்லை. அப்புறம் மெதுவாக 75, 80 என்று ஏறியது. சிவப்பாக இருந்த தண்ணீர் கலங்கலாகி ரிசர்வாயரின் அடியில் வெள்ளையாகக் கூழ் மாதிரி படிந்தது. கடைக்கு போட்டோ அனுப்பினேன், "கலர் செட்டில் ஆகுது சார், ஒண்ணும் இல்ல" என்று பதில் வந்தது. ஐந்தாவது மாதம் ஒரு ராத்திரி ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை அணைந்தது. மேலே இருந்த ரேடியேட்டரின் ஃபிட்டிங் வழியாகக் கசிந்து, நேராகக் கீழே கிராபிக்ஸ் கார்டின் மேல் சொட்டியிருக்கிறது.

கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பிளாக் செம்பு, ரேடியேட்டர் அலுமினியம். இரண்டும் ஒரே தண்ணீரில் இருந்தால் உள்ளே ஒரு பேட்டரி மாதிரி வேலை நடக்கும், அதில் கரைவது அலுமினியம்தான். கரைந்தது வெள்ளைக் கூழாகி பிளாக்கின் உள்ளே மயிரிழை போன்ற வாய்க்கால்களில் போய் அடைத்துக்கொள்கிறது, சூடு ஏறியது அதனால்தான். பித்தளை ஃபிட்டிங் அலுமினிய மரையைத் தொடும் இடத்தில் அரிப்பு இன்னும் மோசம், என் ரேடியேட்டரில் அந்த மரையே பொடிந்திருந்தது. கடையில் கொண்டுபோய்க் காட்டினால், "நீங்க மெயின்டெயின் பண்ணல சார்" என்று கையை விரித்துவிட்டார். எந்தத் தண்ணீரை மாற்றினாலும் அலுமினியம் செம்பாகிவிடுமா?

காந்தம் வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள், செம்பிலும் ஒட்டாது, அலுமினியத்திலும் ஒட்டாது. ரேடியேட்டரின் வாய்க்குள் டார்ச் அடித்து மரையைப் பாருங்கள்: செம்பு ரேடியேட்டரில் மரை பித்தளையாக இருக்கும், மஞ்சளாகத் தெரியும்; அலுமினியம் வெள்ளையாக இருக்கும். கையில் தூக்கினாலும் தெரியும், செம்பு அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் அடர்த்தி. என்ன உலோகம் என்பதையும் மாடல் பெயரையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அந்தக் கடையே வேண்டாம். உள்ளே ஊற்றும் கூலன்ட்டை சீல் பிரிக்காத பாட்டிலாக, அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்ததாக வாங்குங்கள். லீக் டெஸ்டை வீட்டிலேயே, பம்புக்கு மட்டும் கரன்ட் கொடுத்து, ஒவ்வொரு ஃபிட்டிங்கின் கீழும் டிஷ்யூ பேப்பர் வைத்து, ஒரு நாள் முழுக்க ஓட விடுங்கள். ரிசர்வாயரில் தண்ணீர் இல்லாமல் பம்பை மட்டும் ஓட்டிவிடாதீர்கள், கெட்டுவிடும்.

இன்னொன்று, இந்த செட் பிராசஸரை அறைச் சூட்டைவிடக் குளிராக வைக்கும் என்றும் அந்தக் கடைக்காரர் சொன்னார். அது பொய். ரேடியேட்டர் அறைக் காற்றை வைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது, அறை 36 டிகிரி என்றால் தண்ணீர் அதற்குக் கீழே போகவே போகாது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். பில் அரைகுறை என்பதால் யுபிஐ ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும்தான் என் ஆதாரம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போகிறேன், 5 லட்சம் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

இப்படி ஒரு செட்டை ஏற்கெனவே வாங்கி மாட்டியிருப்பவர்கள் இன்றைக்கே ரிசர்வாயரைப் பாருங்கள். அடியில் வெள்ளையாக ஏதாவது படிந்திருந்தால் உடனே பவரை நிறுத்தி, தண்ணீரை வடித்துவிடுங்கள்.