அணையாத பிரேக் லைட்டுக்கு 6,800 ரூபாய் வாங்கிட்டு ஃபியூஸைப் பிடுங்கி அனுப்பியிருக்காங்க. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் கார் வச்சிருக்கவங்க படிங்க

ஆத்திரத்துல எழுதுறேன், முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்குங்க.

நேத்து அப்பாவும் அம்மாவும் தர்மபுரியில இருந்து சேலம் ஆஸ்பத்திரிக்குக் கார்ல போனாங்க. தொப்பூர் கணவாய் எப்படிப்பட்ட இறக்கம்னு இந்தப் பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. அந்த இறக்கம் முழுக்க அப்பா பிரேக் மிதிச்சு மிதிச்சு இறங்கியிருக்காரு. பின்னாடி ஒரு லைட்டும் எரியல. இறக்கம் முடிஞ்சதும் ஒரு லாரி டிரைவர் பக்கத்துல கொண்டுவந்து நிறுத்தி, "பெரியவரே, ரெண்டு தடவ உங்க மேல ஏத்தியிருப்பேன், லைட்டப் பாருங்க"ன்னு சொல்லியிருக்காரு. பிரேக் லைட்டைச் சரி பண்றோம்னு 6,800 ரூபாய் வாங்கிட்டு அனுப்பின மூணாவது நாள் இது.

கடை பேர் போடல. கிருஷ்ணகிரி புறவழிச்சாலையை ஒட்டின ஒரு கார் எலக்ட்ரிக்கல் கடை, அவ்வளவுதான்.

வண்டி 2014 மாடல் சின்னக் கார். பிரேக் லைட் மூணும் அணையாம எரிஞ்சுக்கிட்டே இருந்தது. சாவியை எடுத்தாலும் எரிஞ்சது. கீழ இருக்கிற ரெண்டு பல்புலயும் பிரேக் ஃபிலமென்ட் 21 வாட். ரெண்டும் சேர்ந்தா 12 வோல்ட்டுல மூன்றரை ஆம்பியர். 35 ஏஎச் (ஆம்பியர் மணி) பேட்டரிய பத்து மணி நேரத்துல காலி பண்ணிடும். அதான் காலையில செல்ஃப் எடுக்கல. பேட்டரியில ஒரு குறையும் கிடையாது.

கடையில வேலை பாத்த பையன் டிக்கி லைனிங்கைக் கழட்டி, பிரேக் லைட் வயர்ல டெஸ்ட் லேம்ப்பை (கரண்ட் இருந்தா எரியுற சின்ன விளக்கு) வச்சுக் காட்டியிருக்கான். "பாருங்க ஐயா, பெடல்ல காலே வைக்கல, கரண்ட் வருது. உள்ள கன்ட்ரோல் யூனிட் ஷார்ட்." அப்பா நம்பினது அந்த இடத்துலதான். கண்ணெதிர்ல லேம்ப் எரியுது, யாரா இருந்தாலும் நம்புவாங்க. ஆனா லைட் எரிஞ்சுக்கிட்டு இருக்கிறப்ப அந்த வயர்ல கரண்ட் வராம வேற என்ன வரும்? அது எதையும் நிரூபிக்கல. கோளாறு பெடல் கிட்ட இருக்கா, வயர்ல இருக்கான்னு அந்தச் சோதனையால கண்டுபிடிக்கவே முடியாது.

வயரிங் 3,500, கன்ட்ரோல் யூனிட் ரிப்பேர் 2,800, கூலி 500. மொத்தம் 6,800. பில் இல்ல, போன்ல அனுப்பின பணம். சாயங்காலம் "அணைஞ்சிருச்சு பாருங்க"ன்னு காட்டியிருக்கான். நிஜமாவே அணைஞ்சுதான் இருந்தது. மிதிச்சா எரியுதான்னு யாரும் பாக்கல.

நேத்து ராத்திரி நான் திறந்து பாத்தேன். ஃபியூஸ் பாக்ஸ்ல பிரேக் லைட்டோட 15 ஆம்பியர் இடம் காலி. பிடுங்கி எடுத்திருக்கான். டிக்கியில "புது வயரிங்"னு சொன்ன இடத்துல பளபளன்னு கருப்பு டேப். அதைப் பிரிச்சா உள்ள அதே பழைய வயர், கம்பெனி டேப்போட பசைகூட அப்படியே ஒட்டியிருக்கு. கன்ட்ரோல் யூனிட்டோட திருகாணியில தூசி கலையல, ஸ்க்ரூடிரைவர் பட்ட தடமே இல்ல.

டிரைவர் காலடியில விரிச்சிருக்கிற மேட்டைத் தூக்கினா கீழ பழுப்பா நாலஞ்சு பிளாஸ்டிக் துணுக்கு. விரல்ல எடுத்தா பிஸ்கட் மாதிரி உதிருது. அதுதான் மொத்தக் கோளாறும். பிரேக் லைட்டை எரிய வைக்கிற ஸ்விட்ச் பெடலுக்கு மேலதான் இருக்கும். அதுக்கு எதிர்ல, பெடலோட பட்டையில ஒரு ஓட்டை இருக்கும், அதுல சின்ன பிளாஸ்டிக் ஸ்டாப்பர் செருகியிருக்கும். காலை எடுத்ததும் அந்த ஸ்டாப்பர்தான் ஸ்விட்ச்சோட குச்சியை உள்ள அழுத்தி லைட்டை அணைக்குது. வருஷக்கணக்கா சூடு பட்டு அது நொறுங்கி விழுந்துட்டா, குச்சி ஓட்டைக்குள்ள புகுந்து வெளிய நீட்டிக்கும். ஸ்விட்ச், நீங்க மிதிச்சுக்கிட்டே இருக்கீங்கன்னு எடுத்துக்கும். புது ஸ்டாப்பர் 50 ரூபாய். ஃபியூஸ் 10 ரூபாய். மாட்ட எனக்கு இருபது நிமிஷம்கூட ஆகல.

60 ரூபாய் வேலைக்கு 6,800 ரூபாய். பணத்தைக்கூட விடுங்க. அணையாத லைட்டோட வந்த வண்டியை, எரியவே எரியாத லைட்டோட ஹைவேல அனுப்பியிருக்கான். எரிஞ்சுக்கிட்டே இருந்தா பேட்டரி போகும், எரியலைன்னா ஆளே போயிடும். இது தெரியாதவன் கார் எலக்ட்ரிக்கல் கடை நடத்த முடியாது. தெரிஞ்சேதான் செஞ்சிருக்கான்.

காலையில போன் பண்ணா "அப்படியா சார், கொண்டு வாங்க, பாத்துக்கலாம்." திரும்பப் பண்ணா "ஓனர் ஓசூர் போயிருக்காரு." நேர்ல போய் நின்னா, "நீங்களே கழட்டிட்டீங்க, இனி கேரண்டி கிடையாது." பில் கேட்டா, "அன்னிக்கே கேட்டிருக்கணும்." ஃபியூஸ் எங்கன்னு கேட்டதுக்கு மட்டும் பதில் வரல, உள்ள போயிட்டான். அப்பா வெளிய நின்னு "விடுப்பா தம்பி, வா போலாம்"ன்னு சொன்னதுதான் தாங்கல. 1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் பதிஞ்சாச்சு, பணம் அனுப்பின ஸ்கிரீன்ஷாட் இருக்கு.

எப்படிச் சோதிக்கிறதுன்னு விரிவா எழுத நினைச்சேன், இப்ப முடியல. அவசரத்துக்கு இது:

மூணும் அணையலைன்னா முதல்ல மேட்டுக்குக் கீழ துணுக்கு கிடக்கான்னு பாருங்க. ஸ்விட்ச் குச்சியை விரலால அழுத்துங்க. அணைஞ்சா ஸ்டாப்பர் போச்சு, ஸ்விட்ச் நல்லா இருக்கு. அணையலைன்னா ஸ்விட்ச் கனெக்டரைக் கழட்டுங்க. இப்ப அணைஞ்சா ஸ்விட்ச்தான். அப்பவும் எரிஞ்சாதான் வயரிங் பேச்சே.

மூணும் எரியலைன்னா ஃபியூஸ், அப்புறம் ஸ்விட்ச். ஒண்ணு மட்டும் எரியலைன்னா பல்பு, இல்லன்னா ஹோல்டர்ல பச்சை பூத்திருக்கும். மங்கலா எரிஞ்சு, மிதிக்கிறப்ப இண்டிகேட்டரும் சேர்ந்து மினுங்கினா எர்த் வயர்ல கோளாறு. எடுத்த எடுப்புல கன்ட்ரோல் யூனிட்னு சொன்னா வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க.

பில் இல்லாம காசு கொடுக்காதீங்க. கழட்டின பழைய பார்ட்ஸைக் கேட்டு வாங்குங்க. கடையை விட்டுக் கிளம்புறதுக்கு முன்ன பின்னாடி ஒரு ஆளை நிக்க வச்சு பெடலை மிதிச்சுப் பாருங்க, ஆள் இல்லன்னா பின்பக்கம் சுவரை ஒட்டி இருக்கிற மாதிரி நிறுத்தி, சுவர்ல வெளிச்சம் விழுதான்னு கண்ணாடியில பாருங்க. தொப்பூர் இறங்கப் போறீங்கன்னா கண்டிப்பா.