சுகியாகியா, ஷாபுஷாபுவா: நண்பர்கள் கூடும் மேசைக்கு எது ஏற்றது?

ஜப்பானில் குளிர் தொடங்கிவிட்டால், மேசையின் நடுவே சிறிய எரிவாயு அடுப்பை வைத்து, அதன்மேல் கொதிக்கும் சட்டியிலிருந்தே எல்லோரும் எடுத்து உண்ணும் நபே விருந்துகளும் தொடங்கிவிடும். நபே என்ற சொல்லுக்கே சட்டி என்பதுதான் பொருள். நண்பர்களை அழைக்கும்போது சுகியாகி வைப்பதா, ஷாபுஷாபு வைப்பதா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. இரண்டுக்கும் மெல்லியதாகச் சீவிய மாட்டிறைச்சியே முதன்மை என்றாலும், கூடியிருப்பவர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பழகுகிறார்கள் என்பதை இரண்டும் வெவ்வேறு விதமாகத் தீர்மானிக்கின்றன.

சுகியாகிக்கு ஆழமில்லாத இரும்புச் சட்டி வேண்டும். ஒசாகா, கியோத்தோ பகுதிகளில் சட்டியில் மாட்டுக் கொழுப்பைத் தேய்த்து, இறைச்சியைப் பரப்பி, அதன்மேல் சர்க்கரையைத் தூவி, சோயா சாஸை நேரடியாக ஊற்றி வாட்டுகிறார்கள். தோக்கியோ பக்கத்திலோ சோயா சாஸ், மிரின் என்ற இனிப்பான சமையல் அரிசி மது, சர்க்கரை ஆகியவற்றை முன்கூட்டியே கலந்த வரிஷிதா என்ற சாற்றில் இறைச்சியையும் காய்களையும் சேர்த்தே வேகவைக்கிறார்கள். மெய்ஜி பேரரசர் 1872இல் மாட்டிறைச்சி உண்டது வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட காலத்தில் பரவிய கியூநபே என்ற மாட்டிறைச்சிச் சட்டியின் வழிவந்த முறை இது. இரு ஊர்க்காரர்களும் ஒரே மேசையில் அமர்ந்தால், சட்டியை யார் பொறுப்பேற்பது என்பதே முதல் விவாதமாகிவிடும்.

ஏனெனில் சுகியாகியில் ஒருவர் பொறுப்பேற்றே ஆகவேண்டும். சர்க்கரை கருகாமலும், சாறு வற்றி உப்புக் கரிக்காமலும், இறைச்சி விறைக்காமலும் பார்த்துக்கொள்ள ஒரு கண் எப்போதும் சட்டியின் மேலேயே இருக்க வேண்டும். எதை எப்போது போடலாம், எப்போது எடுக்கலாம் என்று ஆணையிடும் அத்தகையவரை ஜப்பானியர் நபே புக்யோ என்பார்கள். புக்யோ என்பது ஜப்பானின் எடோ ஆட்சிக்காலத்தில் (1603–1868) இருந்த நடுவர் பதவியின் பெயர். பல்லாண்டு பழகிய நான்கு நண்பர்களிடையே இந்த அதிகாரம் இனிமையானது. ஒருவர் ஆக்கிப் பரிமாற, மற்றவர்கள் பச்சை முட்டையில் தோய்த்து உண்பதில் விருந்தோம்பலின் நிறைவு இருக்கிறது. புதிதாக அறிமுகமானவர்கள் கலந்திருந்தால் அதே அதிகாரம் பேச்சைக் குறைத்துவிடுகிறது. முட்டையும் எல்லோருக்கும் ஒத்துவருவதில்லை. ஜப்பானில் முட்டைக்குக் குறிக்கப்படும் தேதியே பச்சையாக உண்ணத்தக்க காலத்தை வைத்துக் கணிக்கப்படுகிறது. அந்த ஏற்பாடு இல்லாத நாடுகளில் நுண்ணுயிர் நீக்கிய முட்டை கிடைக்காவிட்டால் முட்டையைத் தவிர்ப்பதே நல்லது.

ஷாபுஷாபு வயதில் இளையது. 1952இல் ஒசாகாவின் ஸுயேஹிரோ உணவகம் இட்ட பெயர் அது. நீரில் கொன்பு என்ற உலர்ந்த கடற்பாசியை ஊறவைத்து, கொதி வருமுன் அதை எடுத்துவிட்டு, ஒவ்வொருவரும் தமக்கான இறைச்சித் துண்டைச் சில நொடிகள் அலசி, நிறம் மாறியதும் பொன்சு என்ற புளிப்பான எலுமிச்சைச் சோயா சாஸிலோ எள் சாற்றிலோ தோய்த்து உண்கிறார்கள். சாற்றில் உப்போ இனிப்போ இல்லாததால் சுவை அவரவர் கிண்ணத்திலேயே அமைகிறது. மாட்டிறைச்சி உண்ணாதவர் இருந்தால் எல்லோருக்குமே பன்றி இறைச்சியை வைக்கலாம்; சாறு மாறவேண்டியதில்லை. நம்மவர்க்கு உறுத்தக்கூடிய எச்சில் பற்றிய தயக்கத்துக்கு, சட்டிக்கென்று தனிக் குச்சிகளை வைப்பதே போதும். மேலே திரளும் நுரையை அவ்வப்போது அகற்றுவது மட்டுமே பொது வேலை; அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

உணவாக மட்டும் பார்த்தால் சுகியாகியையே நான் உயர்வாக மதிக்கிறேன். அதன் இனிப்பும் கருஞ்சுவையும் ஷாபுஷாபுவுக்கு வாய்க்காது. ஆனால் அந்த இனிப்பே விரைவில் திகட்டி, விருந்தைச் சுருக்கிவிடுகிறது. ஆறு பேர் மூன்று மணி நேரம் பேசிக்கொண்டே உண்ண வேண்டுமென்றால் நான் ஷாபுஷாபுவைத்தான் தேர்வேன்.

முடிவில் உண்ணும் ஷிமே மட்டும் என் தேர்வுக்கு எதிராகவே பேசுகிறது. சுகியாகிச் சட்டியின் அடியில் மிஞ்சிய கெட்டிச் சாற்றில் உடோன் நூடுல்ஸைப் புரட்டி எடுத்தால், ஒவ்வோர் இழையிலும் அன்று மாலை முழுவதும் வெந்த இறைச்சியின் சாரம் ஏறியிருக்கும். ஷாபுஷாபுவின் தெளிந்த நீரில் அதே உடோனுக்குத் தனியாக உப்புச் சேர்க்க வேண்டியிருக்கிறது.