ஓவர்ஹெட்டைப் பிரிப்பது எப்படி: ஒரே ரேட்டா, ஏ.பி.சி.யா, நிமிடக் கணக்கா?

திருப்பூர் ஏற்றுமதி பனியன் கம்பெனிகளின் காஸ்டிங் ஷீட்டில் பெரும்பாலும் ஓவர்ஹெட்டுக்கு (எந்தப் பீஸுக்கென்று நேரடியாகப் பிரிக்க முடியாத பொதுச் செலவு) ஒரே வரிதான்: தையல் நிமிடத்துக்கு இத்தனை பைசா. இதற்கு மாற்றாக இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, 1980களில் கணக்கியல் பேராசிரியர்கள் கூப்பரும் காப்லனும் பரப்பிய ஏ.பி.சி. (ஆக்டிவிட்டி பேஸ்ட் காஸ்டிங்), அதாவது எந்த வேலைக்கு எவ்வளவு செலவு என்று பார்த்து, அந்த வேலையைக் கேட்கும் ஆர்டர் மேல் ஏற்றுவது. மற்றொன்று, 2004இல் காப்லனும் ஆண்டர்சனும் முன்வைத்த நேர அடிப்படை ஏ.பி.சி., அதாவது நிமிடக் கணக்கு. நாங்கள் பின்பற்றுவது இந்தக் கடைசி முறையைத்தான்.

ஒரே மாதிரி டி-ஷர்ட்டையே தைக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு ஒரே ரேட் போதும், மெனக்கெட வேண்டாம். ஆர்டர் 600 பீஸிலிருந்து 20,000 பீஸ் வரை மாறும் இடத்தில்தான் அது ஏமாற்றும்.

பையரோடு பேசி ஆர்டரை நடத்தும் மெர்ச்சண்டைசிங் பிரிவை எடுத்துக்கொள்வோம். 5 பேர், சம்பளம், பி.எஃப்., இடம், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து மாதம் 2,40,000 ரூபாய். கம்பெனி மாதம் 6,00,000 தையல் நிமிடம் ஓட்டினால் நிமிடத்துக்கு 40 பைசா. 8 நிமிட டி-ஷர்ட்டுக்கு 3.20 ரூபாய். 20,000 பீஸ் ஆர்டர் தலையில் 64,000 ரூபாய் விழும், 600 பீஸுக்கு 1,920தான்.

இப்போது நிமிடக் கணக்கு. 5 பேர், 26 நாள், 8 மணி நேரம் என்றால் 62,400 நிமிடம். டீ, மீட்டிங், லீவு போக 80 சதவீதம், அதாவது சுமார் 50,000 நிமிடம், நிமிடத்துக்கு 4.80 ரூபாய். புது ஸ்டைலுக்கு டெக் பேக் (ஸ்டைலின் அளவு, விவரக் குறிப்பு), சாம்பிள் அப்ரூவல், பட்டன், லேபிள் போன்ற டிரிம்ஸ் புக்கிங் எல்லாம் சேர்த்து 1,500 நிமிடம் என்றால் 7,200 ரூபாய். அது 20,000 பீஸில் பீஸுக்கு 36 பைசா, 600 பீஸில் 12 ரூபாய். முதல் முறையில் பெரிய ஆர்டரை விலை கூடச் சொல்லி இழக்கிறோம், சின்ன ஆர்டரை நஷ்டத்தில் வாங்குகிறோம்.

இந்தக் கோளாறைப் பழைய ஏ.பி.சி.யும் பிடித்துவிடும். பிறகு ஏன் அதை விட்டோம்? பராமரிப்புதான் காரணம். அதில் 'எந்த வேலைக்கு எத்தனை சதவீத நேரம் போகிறது' என்று ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். சொல்வதைக் கூட்டினால் எப்போதும் 100 வரும். சும்மா இருந்த நேரம் கணக்கிலேயே வராது. பையர் புதிதாக ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டால் எல்லாச் சதவீதமும் நகரும், மறுபடி எல்லாரையும் கேட்க வேண்டும். ஆறு மாதத்தில் ஷீட் பழசாகி, யாரும் திறக்காத ஃபைலாகிவிடும். நேர முறையில் ஒரே சூத்திரம்: ரிப்பீட் ஆர்டருக்கு 400 நிமிடம், புது ஸ்டைலானால் அதோடு இன்னும் 1,100, கூடுதல் கலர் ஒவ்வொன்றுக்கும் லேப் டிப்புக்காக (சாயக் கலர் சாம்பிள்) 90. புது டெஸ்ட் வந்தால் இன்னொரு உறுப்பு சேர்த்தால் போதும். சம்பளம் ஏறினால் 4.80 மட்டும் மாறும்.

நிமிடங்களை ஊழியர்கள் அதிகமாகவே சொல்வார்கள். அதனால் ஒரு மாத ஆர்டர்கள் அத்தனைக்கும் சூத்திரத்தை ஓட்டிப் பாருங்கள். இருப்பது 50,000 நிமிடம்தான்; ஓவர்டைம் இல்லாத மாதத்தில் 68,000 வந்தால் மதிப்பீடு ஊதியிருக்கிறது என்று அர்த்தம். 41,000 வந்தால் மீதி 9,000 நிமிடத்தின் 43,200 ரூபாயை ஸ்டைல்கள் மேல் ஏற்றாமல், பயன்படாத திறன் என்று தனி வரியில் காட்டுங்கள். ஏற்றினால் மந்தமான மாதத்தில் விலை உயரும், ஆர்டர் இன்னும் குறையும்.

எல்லாவற்றையும் நிமிடத்தில் அடைக்கவும் வேண்டாம். ஈ.பி. பில், ஜெனரேட்டர் டீசல், கம்ப்ரஸர் ஆகியவற்றுக்கு மெஷின் மணி நேரமே சரி. டிசைன் பிரிவில் ஒரே வேலை ஒரு நாளும் பிடிக்கும், ஒரு வாரமும் பிடிக்கும். அங்கே இந்தச் சூத்திரத்தை நம்பி விலை சொல்லத் தயக்கம்தான்.

இந்தக் கணக்கு விலை சொல்வதற்கு மட்டுமே. ஸ்டாக் மதிப்பீட்டில் இதை அப்படியே போடக் கூடாது. ஏ.எஸ். 2 (ஸ்டாக் மதிப்பீட்டுக்கான இந்தியக் கணக்கியல் தரநிலை) படி நிலையான உற்பத்தி ஓவர்ஹெட் சாதாரணத் திறன் அடிப்படையில்தான் ஏறும். விற்பனைச் செலவும் பொது நிர்வாகச் செலவும் ஸ்டாக்கில் சேராது. இரண்டு ஷீட்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.