காது வில்லையை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்: மாட்டுக் கடன் மானியத்தில் நாங்கள் பட்டது

எங்கள் பக்கம் இப்போது ஆட்டுப்பண்ணை மானியம் என்று சொல்லிக்கொண்டு ஊர் ஊராக ஆட்கள் வருகிறார்கள். "பாதிப் பணம் அரசாங்கம் தருது, கையெழுத்து மட்டும் போடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்." இதே பேச்சை 2017-இல் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் பேசினார். அன்றைக்கு மாடு, இன்றைக்கு ஆடு, அவ்வளவுதான் வித்தியாசம். கையெழுத்துப் போட்டது என் அம்மா. அதற்குப் பிறகு நடந்ததை எழுதுகிறேன், தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

அப்போது விவசாயத்துக்கான தேசிய வங்கியான நபார்டு வழியாகப் பால்பண்ணைத் தொழில்முனைவோர் திட்டம் இருந்தது, இப்போது அது இல்லை. வங்கியில் கடன் வாங்கி மாடு வாங்கினால் செலவில் 25 சதவீதம் மானியம், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 33.33. நான்கு கலப்பினப் பசு, மாடு ஒன்று 60 ஆயிரம், ஆக 2 லட்சத்து 40 ஆயிரம். 24 ஆயிரம் நாங்கள் போட்டோம், மீதியை வங்கி கொடுத்தது. மானியம் 60 ஆயிரம். திட்ட அறிக்கை எழுதுவதிலிருந்து மாடு கொண்டுவந்து கட்டுவது வரை எல்லாம் தன் பொறுப்பு என்று சொல்லி அந்த ஏஜென்ட் 15 ஆயிரம் வாங்கிக்கொண்டார். ரசீது கிடையாது.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த 60 ஆயிரம் கைக்கு வராது. அது நம் பெயரில் வங்கியில் தனிக்கணக்கில் கிடக்கும், அந்தத் தொகைக்கு மட்டும் வட்டி போட மாட்டார்கள், மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டி வந்தால் கடைசித் தவணைகளில் கழித்துக்கொள்வார்கள். நடுவில் கடன் வாராக்கடன் ஆனாலோ, மாடு இல்லை என்று தெரிந்தாலோ மானியம் திரும்பிப் போய்விடும். அதாவது மூன்று வருடம் வரைக்கும் அது நம் பணமே இல்லை. இதை முதல் நாளே யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால் மாடு வந்த அன்றைக்கு ராத்திரி நடந்ததற்கு அம்மா சம்மதித்திருக்க மாட்டார்.

மாடு வந்த அன்று வங்கி அதிகாரி வந்தார், இன்சூரன்சுக்காகக் கால்நடை மருத்துவர் நான்கு மாட்டின் காதிலும் எண் போட்ட அடையாள வில்லை அடித்தார், அம்மாவை நடுவில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். நல்ல மாடுகள், அதில் பொய் சொல்ல மாட்டேன். இருட்டின பிறகு ஏஜென்ட் வண்டியோடு திரும்பி வந்தார். "அக்கா, இந்த ரெண்டுக்கும் மடி சரியில்ல, இப்பவே விட்டா மடிநோய் வந்துரும், மாத்தித் தர்றேன்" என்று சொல்லி இரண்டை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஒன்பது நாள் கழித்து வேறு இரண்டு மாடு வந்தது. கூடவே ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் வெட்டி எடுத்த இரண்டு மஞ்சள் வில்லைகள். "கம்பி போட்டுக் காதுல மாட்டிவிடுங்க தம்பி, நம்பர் இருந்தாப் போதும்" என்றார். கொண்டுபோன மாடுகளை வேறொருவர் கொட்டகையில் நிறுத்தி இதே மாதிரி போட்டோ எடுத்திருக்கிறார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

கம்பியை நான்தான் மாட்டினேன். அது எங்கள் தப்பு, மறைக்கவில்லை. கறவை மாட்டின் காதில் கம்பியைத் திருகினால் அது என்ன ஆகும்? பத்து நாளில் சீழ் பிடித்து ஓட்டை கிழிந்தது, வேப்பெண்ணெய் போட்டு ஆற்றினோம்.

வந்த மாடுகள் இரண்டாம் ஈத்து, வேளைக்கு ஏழு லிட்டர் என்று சொன்னார். வந்த அன்று மடி அப்படித்தான் புடைத்துக்கொண்டு இருந்தது. முந்தின நாள் கறக்காமல் கட்டி ஓட்டி வந்திருக்கிறார்கள். நான்காம் நாள் இரண்டு வேளையும் சேர்த்தே ஆறு லிட்டர் தாண்டவில்லை. பல் பார்க்கத் தெரிந்த பெரியப்பா வந்து வாயைப் பிடித்துப் பார்த்துவிட்டு "டேய், இது அஞ்சு ஈத்துக்குக் கொறையாதுடா, வயசு தெரியக்கூடாதுன்னு கொம்பு வளையத்தையும் அரம் போட்டுத் தேய்ச்சிருக்கான்" என்றார். கையால் தடவினால் கொம்பின் அடிப்பகுதி வழவழவென்று இருந்தது.

2018 மே மாதம் அதில் ஒன்று செத்துப்போனது. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நம்பினோம். போஸ்ட்மார்ட்டத்துக்கு வந்த மருத்துவர் முதலில் காதைத்தான் பார்த்தார். வில்லையின் தண்டு வெட்டுப்பட்டிருக்கிறது, சான்றிதழில் நெற்றியில் வெள்ளைச் சுட்டி என்று எழுதியிருக்கிறது, செத்த மாட்டுக்கு நெற்றி முழுக்கக் கறுப்பு. வில்லை பொருந்தாவிட்டால் இழப்பீடு கிடையாது. ஒரு பைசா வரவில்லை.

பால் குறைந்தது, சொசைட்டிப் பணம் தவிட்டுக்கும் புண்ணாக்குக்குமே சரியாகப் போனது, தவணை நின்றது. மூன்று மாதம் கட்டாமல் விட்டால் வாராக்கடன். 2019 ஜனவரியில் கூட்டாய்வு என்று வந்தார்கள். காகிதத்தில் நான்கு மாடு, கொட்டகையில் மூன்று, எண்ணும் அடையாளமும் சரியாக இருந்தவை இரண்டுதான். "ஏம்மா, மானிய மாட்ட வித்துட்டீங்களா?" என்று கேட்டார் ஒரு அதிகாரி. அம்மா அழவில்லை, பதிலும் சொல்லவில்லை, முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். விற்றுத் தின்றவள் என்று ஊர் நடுவில் கேட்டதைத்தான் அவர் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்.

மானியம் திரும்பிப் போனது. அதுவரை வட்டி இல்லாமல் இருந்த 60 ஆயிரத்துக்கும் கடன் கொடுத்த நாளிலிருந்து வட்டி போட்டு, 69 ஆயிரத்துச் சொச்சம் எங்கள் கணக்கில் ஏறியது. போலீசுக்குப் போனோம். மாடு பெற்றுக்கொண்டேன் என்ற ரசீதில் அம்மா கையெழுத்து, இன்சூரன்ஸ் படிவத்தில் அம்மா கையெழுத்து, ஏஜென்ட் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. வில்லை மாற்றியதற்கு உங்கள் மேலேயே மோசடி வழக்கு வரும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். கமிஷன் வாங்கினவன் தப்பித்துவிட்டான், தண்டம் முழுக்கக் கடன் யார் பெயரில் இருந்ததோ அவர் தலையில்.

இப்போதைய விஷயத்துக்கு வருகிறேன். தேசிய கால்நடை இயக்கத்தில் ஆட்டுப்பண்ணைக்கு 50 சதவீத மானியம் உண்மையிலேயே இருக்கிறது. 100 ஆடு 5 கிடாவுக்கு அதிகபட்சம் 10 லட்சம், 500 ஆடு 25 கிடாவுக்கு 50 லட்சம். ஆனால் அதுவும் மொத்தமாகக் கைக்கு வராது. சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பி வழியாக இரண்டு தவணையாக வரும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் கொட்டகையையும் ஆட்டையும் பார்ப்பார்கள். இணையத்தில் நாமே விண்ணப்பிக்கலாம், அதற்குக் கமிஷன் தேவையில்லை. சந்தேகம் என்றால் உங்கள் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். "ஆய்வுக்கு மட்டும் ஆடு கொண்டுவந்து நிறுத்தறேன்" என்று ஒருவர் சொன்னால் அந்த நிமிஷமே எழுந்து வந்துவிடுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டாம், பணத்தை ஆடு விற்பவர் கணக்குக்கு மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். மாடு வாங்குகிறவர்கள் தொடர்ந்து மூன்று வேளை கூடவே இருந்து கறந்து பாருங்கள். காதில் 12 இலக்க எண் இருந்தால் மருத்துவரிடம் கொடுத்தால் அந்த மாட்டின் பதிவை எடுத்துப் பார்த்துச் சொல்வார்.

ஏற்கெனவே எங்களைப் போல மாட்டை மாற்றிக்கொண்டு பயந்துபோய் இருப்பவர்கள் ஆய்வு வரும்வரை காத்திருக்காதீர்கள். நடந்ததைத் தேதியோடு எழுதி வங்கிக் கிளையிலும் இன்சூரன்ஸ் அலுவலகத்திலும் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். வில்லை தானாக விழுந்திருந்தாலும் இதே மாதிரி எழுதிக்கொடுத்துப் புது வில்லை அடிக்கச் சொல்லுங்கள். நாங்கள் அந்த ஒரு கடிதத்தை எழுதவில்லை. கடனை 2022-இல்தான் அடைத்தோம், பாட்டி காலத்து வளையல் இரண்டையும் விற்று.